எந்த அடுப்பில் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். தேவநாரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். கிராம வளர்ச்சி, இடப்பெயர்வு, உலகமயமாக்கல் என்று மூன்று நாள், மூன்று உரைகள். "என் ஆங்கிலம் சுமார்தான். போய் உட்கார்ந்தால் புரியுமா? எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த உரைகளால் என்ன பயன்? கேள்வி கேட்கச் சொன்னால் என்ன கேட்பது?" என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள்.

போங்கள். மூன்று நாளும் போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். முந்தின இரவு உங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தாத்தா எந்த ஆண்டு, யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த புதிதில் எங்கே சாப்பிட்டார். ஆச்சி எப்போது வந்தார், அதுவரை ஊரில் யாரோடு இருந்தார். நிலம் இருந்ததா, இப்போது யார் உழுகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து கடைசியாக ஊருக்குப் பணம் போனது எதற்காக. இவ்வளவு போதும். அந்த ஒரு பக்கம் ஏன் அத்தனை முக்கியம் என்பதற்குத்தான் இந்தப் பதில் இத்தனை நீளமாகிறது.

நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்தவள். 22 ஆண்டுகள் ஆய்வாளர்களுக்குக் கள உதவியாளராக இருந்தேன். தாராவி, மான்கூர்டு, சீத்தா கேம்ப், கோவண்டி என்று அவர்களோடு சந்து சந்தாக நடந்திருக்கிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் கேட்டு, வரும் பதிலை மறுபடி ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. பிறகு அதே ஆய்வாளர்கள் மேடையில் பேசும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சந்தில் கேட்டது மேடையில் என்னவாகிறது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

ஒரு டிசம்பர் மாத விடியற்காலையை முதலில் சொல்கிறேன். 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இட்லி போடும் அறை. மூன்று மணிக்கே அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள். ஆளுயர இட்லிக் கொப்பரைகள், ஈரத்துணி விரித்த தட்டுகள், ஒரு மூலையில் தேங்காய் துருவும் சத்தம். ஆறு மணிக்குள் எட்டுச் சைக்கிள்கள் அலுமினியப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு சயான், வடாலா, பாந்த்ரா என்று பிரிந்துபோக வேண்டும். ஆவிக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் படிவத்தை விரித்தார். முதல் கேள்வி: இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

அறையை நடத்தும் அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகள் மூன்று பேர், எங்களோடு இருந்து படிக்கும் தம்பி மகன், நான். ஏழு பேர். அவரைத் தவிர மற்ற ஆறு பேரும் நாங்குநேரிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து எட்டு வாலிபர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படிவத்தின் விதி என்ன தெரியுமா? இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தேசிய மாதிரி ஆய்விலும் குடும்பம் என்றால், வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். அந்த விதிப்படி அண்ணாச்சியும் அந்த எட்டுப் பேரும் ஒரு குடும்பம். மனைவி, மக்கள், தாய் அந்தக் குடும்பத்தில் கிடையாது. நான் விதியைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "இவர்கள் வேலைக்கு வந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா. என் குடும்பம் அங்கே இருக்கிறது. அவர்களுக்காகத்தான் நான் இங்கே கிடக்கிறேன்" என்றார்.

அதே வாரம் நாங்குநேரியில் வேறொருவர் படிவத்தோடு போயிருந்தால், அங்கே ஆறு பேர், குடும்பத் தலைவர் பெண் என்று எழுதியிருப்பார். இரண்டு அடுப்புக்கும் அரிசி வாங்கும் ஒரு மனிதர் இரண்டு படிவங்களில் இரண்டு துண்டாகிவிடுகிறார். இரண்டு தாளிலும் இருப்பது அவர் குடும்பமல்ல. ஆனால் நகர வறுமை பற்றிய அட்டவணையில் ஒன்றும், கிராம வறுமை பற்றிய அட்டவணையில் இன்னொன்றும் போய்ச் சேரும். பிறகு அந்த அட்டவணைகளை வைத்துத்தான் மேடையில் பேசுவார்கள்.

அந்தப் பேராசிரியர் நல்லவர். பேனாவை மூடிவிட்டு, கணக்கு எழுதும் நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். அண்ணாச்சி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தார். இடது பக்கத்துக்கு மேலே "பம்பாய்" என்று எழுதி உளுந்து, அரிசி, தேங்காய், கேஸ், சைக்கிள் டயர். வலது பக்கத்துக்கு மேலே "ஊர்". பள்ளிக் கட்டணம், கிணற்று மோட்டார் பழுது, கோயில் கொடைக்கு வரி, அம்மாவின் கண் ஆபரேஷன், சீட்டு. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் படிவத்தையே மாற்றினார். அது முதல் எல்லாரிடமும் இரண்டு சமையலையும் கேட்டோம். இதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். மேடையில் பேசுகிறவர் ஊரையும் நகரத்தையும் இரண்டு தனி உலகங்களாகப் பேசுகிறாரா, இரண்டு அடுப்பு வைத்திருக்கும் ஒரே குடும்பமாகப் பார்க்கிறாரா? உரையை எடைபோட எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இனி உரைகளில் என்ன வரும் என்பதைச் சொல்கிறேன். பெயர்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆங்கிலம் பாதி புரிந்த மாதிரி.

இடப்பெயர்வு பற்றிய உரை அநேகமாக ராவன்ஸ்டைனிலிருந்து தொடங்கும். 1885இல் பிரிட்டிஷ் கணக்கெடுப்புகளை வைத்து, பெரும்பாலானவர்கள் கொஞ்ச தூரம்தான் நகர்கிறார்கள் என்றும், நாட்டுக்குள்ளே பெண்கள்தான் அதிகம் இடம் மாறுகிறார்கள் என்றும் சொன்னவர். அடுத்து டொடாரோ என்ற பொருளாதார அறிஞர் வருவார். நகரத்தில் வேலையில்லாதவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஏன் மேலும் மேலும் ஆட்கள் வருகிறார்கள் என்ற கேள்விக்கு 1969இல் அவர் ஒரு பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து அதை விரிவாக்கினார். வருகிறவன் இன்றைய கூலியைப் பார்த்து வருவதில்லை; வேலை கிடைக்கும் வாய்ப்பையும் கிடைத்தால் வரும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வருகிறான் என்பது அதன் சாரம். தாராவிக்கு வந்து ஆறு மாதம் வேலையில்லாமல் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்த எத்தனையோ பேரை நமக்குத் தெரியும். ஆகவே அந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் சித்தப்பா இல்லை. அந்த ஆறு மாதச் சோற்றை யார் போட்டார்கள் என்ற வரி இல்லை.

அந்த இடைவெளியை 1980களில் ஓடெட் ஸ்டார்க் போன்றவர்கள் நிரப்ப முயன்றார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது தனி ஆள் அல்ல, குடும்பம் என்றார்கள். மழை பொய்த்தால் ஊரில் கை கொடுக்க நகரத்தில் ஒரு பிள்ளை. நகரத்தில் வேலை போனால் திரும்பிப் போய் உட்கார ஊரில் ஒரு வீடு. காப்பீடு எடுக்க முடியாதவர்கள் பிள்ளையை அனுப்பி வைக்கிறார்கள். உங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னால், இதற்கு ஒரு புத்தகமா என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனாலும் அந்தப் பேச்சு பொருளாதார வகுப்பறைக்குள் நுழைந்ததற்காக நான் மகிழ்கிறேன். கேட்கிற படிவங்கள் அதனால் மாறின.

யான் பிரேமன் என்ற டச்சு அறிஞரின் பெயரும் வரும், வர வேண்டும். 1960களின் தொடக்கத்தில் தெற்கு குஜராத்துக்கு வந்தவர், திரும்பத் திரும்ப அதே பகுதிக்குப் போனவர். நிலமில்லாத கூலிகள் நகரத்துக்கு வந்து குடியேறிவிடுவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொன்னவர். செங்கல் சூளை, உப்பளம், கரும்பு வெட்டு, மறுபடி ஊர். மும்பையில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது நீங்கள் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் தீபாவளியை ஒட்டிக் கரும்பு வெட்டக் கிளம்புகிறவர்கள் மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய், கோடை தொடங்கும்போது திரும்புகிறார்கள். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே "கொய்தா" என்றுதான் கணக்கு. கொய்தா என்றால் அரிவாள். முகாதம், அதாவது ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கொடுக்கும் முன்பணத்துக்கு மராத்தியில் "உச்சல்" என்று பெயர். அது ஒரு அரிவாளுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுகிறது. மனைவிக்கென்று தனிக் கூலி இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் பிடித்தம். அங்கே இளம் பெண்கள் பலருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருப்பது 2019இல் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. கிராம வளர்ச்சி என்ற தலைப்பில் சாலை, மின்சாரம், கழிப்பறை பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வருடத்தில் ஐந்தாறு மாதம் கதவு பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், எழுந்து கேளுங்கள். நீங்கள் போன கிராமத்துக்கு எந்த மாதத்தில் போனீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு நல்ல அறிஞர் நன்றி சொல்வார்.

மகாராஷ்டிரத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கடும் பஞ்சம் வந்தபோது வேலை கேட்கிறவர்களுக்கு வேலை தருவது அரசின் கடமை என்று இங்கே திட்டம் வந்தது. 1977இல் அது சட்டமாயிற்று. 2005இல் நாடு முழுவதற்கும் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது அதற்கு முன்னோடி இதுதான். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதை ஆர்வத்தோடு பேசுவார்கள். அத்தனை பழைய திட்டம் இருந்த மாநிலத்திலிருந்தே ஏன் இத்தனை பேர் கரும்புக்குப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முன்பணம் மொத்தமாகக் கையில் கிடைக்கிறது. அரசு வேலைத் திட்டக் கூலி தாமதமாக, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மகள் கல்யாணத்துக்கு எது உதவும்? பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்கள் நிறைய வரும். பயப்படாதீர்கள். மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம் பெயர்ந்தவர்கள் ஏறக்குறைய 45 கோடி. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள். பெரும்பகுதி அதே மாவட்டத்துக்குள் நகர்ந்தவர்கள். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரயில் பயணத் தரவை வைத்து வேறு விதமாகக் கணக்குப் போட்டது: வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர். இரண்டும் உண்மையாக இருக்க முடியும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில். முதலாவது, எங்காவது எப்போதாவது இடம் மாறி இன்று இங்கே இருப்பவர்களின் மொத்தம். இரண்டாவது, ஓர் ஆண்டில் ஓடும் ஓட்டம். கரும்புக்குப் போய் வருகிறவர்கள் முதலாவது கணக்கில் பெரும்பாலும் விழுவதே இல்லை. அதனால்தான் 2007-08இல் தேசிய மாதிரி ஆய்வு, ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வேலைக்காக வெளியே இருந்தவர்களைத் தனியாகக் கேட்டது. 2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027க்கு என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே மேடையில் யாராவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எண் சொன்னால், அது எந்த ஆண்டுக் கணக்கு என்று பாருங்கள். 2011 என்றால், அண்ணாச்சியின் எட்டு வாலிபர்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

பெண்கள் பற்றி ஒரு வார்த்தை, இது என் வீட்டுக் கதை. என் அம்மா 1960களில் கல்யாணமாகி இங்கே வந்தார். வந்த மூன்றாம் மாதத்திலிருந்து அப்பளம் உருட்டினார். பிறகு முப்பது ஆண்டுகள் இரண்டு வீடுகளில் வேலை பார்த்தார். மாட்டுங்காவில் தமிழ் பேசும் வீடு ஒன்று, சயானில் சிந்தி பேசும் வீடு ஒன்று. கணக்கெடுப்புத் தாளில் அவர் இடம் பெயர்ந்த காரணம்: திருமணம். அது பொய்யல்ல. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அடியில் முப்பது ஆண்டு உழைப்பு மறைந்துபோயிற்று. பெண்கள் கல்யாணத்தால் வருகிறார்கள், ஆண்கள் வேலையால் வருகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டுவார்கள், பாருங்கள். வந்த பெண்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் கூலி வேலைக்குப் போனார்கள் என்று கேட்டீர்களா என்று கேளுங்கள். என் அம்மாவுக்காகக் கேளுங்கள் என்று சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன்.

உலகமயமாக்கல் உரைதான் மூன்றிலும் கடினமானது. அங்கே பேச்சு மேகத்துக்குப் போய்விடும். அதைத் தரைக்கு இழுக்க உங்கள் தாத்தாவின் தோல் ஷாப் போதும். தாராவியில் தோல் பதனிட்ட தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. பதனிட்ட தோல் வெளியிலிருந்து வருகிறது. தைப்பதும் பையாக்குவதும் பெல்ட்டாக்குவதும்தான் இங்கே. இது ஏன், எப்போது, யார் சொல்லி நடந்தது, அந்தத் தொட்டிகளில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் என்ற தொழிற்சங்கத் தலைவரின் கீழ் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு கிரண்காவ் என்று அழைக்கப்பட்ட ஆலைப் பகுதி மெல்ல மெல்ல மாடிக் கட்டடங்களாகிவிட்டது. அந்தத் தொழிலாளர்களிடமிருந்து ரத்னகிரி கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்த மணியார்டர் நின்றது. இது, நாட்டின் பொருளாதாரத்தை வெளிச் சந்தைக்குத் திறந்துவிட்ட 1991க்கு முன்பே தொடங்கியது. எல்லாவற்றையும் 1991இல் தொடங்கும் உரையைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இன்னொரு முனையைப் பாருங்கள். 2005 ஜனவரி 1 முதல் ஜவுளி ஏற்றுமதிக்கு நாடு வாரியாக இருந்த உச்சவரம்பு நீங்கியது. திருப்பூர் போன்ற ஊர்களுக்கு அது பெரிய கதவு. பெரிய போட்டியும் கூட. இன்று அங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் தைக்கிறார்கள். தாராவியின் சந்துகளில் ஊரிலிருந்து புதிதாக வரும் தமிழ் வாலிபர்கள் குறைந்திருக்கிறார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் கடைசியாகப் போனபோது அந்த இட்லி அறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்த பையன் உத்தரப் பிரதேசத்துக்காரன். தமிழ்ப் பாட்டைக் கேட்டபடி, "அண்ணாச்சி" என்று அழகாகக் கூப்பிடுகிறான். அவனுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. அதன் வலது பக்கத்தில் கோண்டா மாவட்டம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, முழுவதும் உடன்பாடில்லை. மும்பைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையை 1919இல் தொடங்கியவரே வெளியிலிருந்து வந்தவர்தான். பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதற்கு முன் 1915இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, பழைய தெருக்களை மொத்தமாக இடித்துத் தள்ளுவதை எதிர்த்தவர். அங்கங்கே தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டித் திறந்தால் போதும் என்றார். மறுசீரமைப்பு என்ற சொல்லோடு தினமும் கண்விழிக்கும் தாராவிக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

அதே 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. இந்தியப் பொருளாதாரத்துக்கு அங்கே முதல் பேராசிரியர் அவர். விரிவுரை செய்துவிட்டுப் போகவில்லை. மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பினார்: நிலம், கூலி, கடன், சாப்பாடு, எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாருங்கள் என்று. அப்படி 1916இல் ஆய்வு செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்டான். ஆமாம், நம் ரயில் தாண்டிப்போகும் அதே கங்கைகொண்டான். இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, வடஆற்காட்டு தூசி, ராமநாதபுரத்து வடமலைபுரம் ஆகியவையும் அந்த வரிசையில் உண்டு. 1930களில் மறுபடி போய்ப் பார்த்தார்கள். பிறகும் போனார்கள், இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும். நூறாண்டுக் காலத்தில் யார் நிலத்தை விற்றார்கள், யார் வாங்கினார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்பதை இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு உங்கள் வயதுப் பிள்ளைகள் சிலர் விடுமுறையில் தம் ஊர்த் தெருவில் நோட்டோடு நடந்ததுதான் காரணம்.

மராத்தி நாட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஹெரால்டு மான் என்ற வேளாண் வேதியியல் அறிஞர் புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ளே சௌதாகர் என்ற கிராமத்தை ஆராய்ந்து 1917இல் வெளியிட்டார். நிலம் எப்படித் துண்டு துண்டாகிறது, கடன் எப்படி ஏறுகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டிய வேலை. இன்று அந்த இடம் அடுக்குமாடிகளால் நிறைந்திருக்கிறது. ஹிஞ்சவாடி ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்கள் வாடகை கொடுக்கும் வீட்டுக்கு அடியில் எந்த வயல் இருந்தது என்பதை அந்தப் பழைய வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம்.

எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் வந்து, இருபது வீட்டில் படம் எடுத்து, பதிலை முடிக்குமுன்பே அடுத்த கேள்விக்குத் தாவியவர்களோடும் நான் நடந்திருக்கிறேன். ஒருவர், மகனைக் கட்டட வேலையில் பறிகொடுத்த ஒரு தாயிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, எழுதியதை அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த அம்மா இரண்டு ஆண்டுகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தாள் வந்ததா" என்று கேட்டார். வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. அதனால் உரையின் முடிவில் இதையும் கேளுங்கள்: நீங்கள் எழுதியதை அந்த ஊர்க்காரர்கள் படிக்கும் மொழியில் அவர்களிடம் கொடுத்தீர்களா? மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

அறிஞர்கள் நம்மவரிடம் வந்து கற்றுக்கொண்டு போனதும் இதே மும்பையில் நடந்தது. ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960களில் பிழைக்க வந்து, மான்கூர்டு பக்கம் ஜனதா காலனியில் தங்கினார். அணுசக்தி நிறுவனத்துக்கு நிலம் வேண்டுமென்று 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி காலி செய்யப்பட்டது. ஏறக்குறைய 70,000 பேர். அங்கிருந்து வந்ததுதான் இன்றைய சீத்தா கேம்ப். அற்புதம் அதிலிருந்து பிடித்துக்கொண்ட பாடம், நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது. வீட்டு எண், ஆள் எண்ணிக்கை, வந்த ஆண்டு, குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் குடியிருப்பவர்களே கணக்கெடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தார்கள். அவர் தலைமையேற்ற குடிசைவாசிகள் கூட்டமைப்பின் அந்த வழியை ஆப்பிரிக்க நகரங்களிலும் பின்பற்றினார்கள். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் மறைந்தார். உலகமயமாக்கல் என்றால் அமெரிக்கா இங்கே வருவது மட்டுமல்ல. சீத்தா கேம்ப் கென்யாவுக்குப் போனதும் அதுதான். உரையில் இது வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்கள் எழுந்து சொல்லலாம்.

எண்ணுவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்களானால், உங்கள் தெருவிலேயே பதில் இருக்கிறது. மும்பையில் குடிசை மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்கு, 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். அந்தத் தேதியில் ஆச்சி ஊரில் அறுவடைக்குப் போயிருந்தாரா, பெயர் எந்த ரேஷன் கார்டில் இருந்தது என்பதெல்லாம் ஒரு குடும்பத்தின் கூரையை முடிவு செய்துவிடுகிறது. இரண்டு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு அடுப்புக்கு மட்டும்தான் தாள் இருக்கும். 2019இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் குஜராத்தும் மகாராஷ்டிரமும் முதலில் இணைந்த மாநிலங்களில் இருந்தன. ஒரே கார்டில் ஒருவர் இங்கே தம் பங்கை வாங்க, மீதியை வீட்டார் ஊரில் வாங்கலாம் என்று வந்தது. அரசாங்கத்தின் காகிதத்தில் இரண்டு சமையலும் ஒன்றாக வந்த அபூர்வமான இடம் அது. அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சில், நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு வந்தபோது அந்த வசதி எத்தனை பேருக்குக் கைகொடுத்தது, எத்தனை பேர் நடந்தே போனார்கள் என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். மே 8ஆம் தேதி ஜால்னாவிலிருந்து நடந்துபோன 16 தொழிலாளர்கள் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் உயிரிழந்தார்கள். அவர்களோடு கிடந்த சப்பாத்திகளின் படத்தை நான் மறக்கவில்லை.

ஆங்கிலம் பற்றி. கேள்வியை முதலில் தமிழில் எழுதுங்கள், இரண்டே வாக்கியம். ஊர்ப் பெயர், மாதம், தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். அப்படி எழுதினால் மொழிபெயர்ப்பது சுலபம், உடைந்த ஆங்கிலத்திலும் கனம் குறையாது. இந்தியில் கேட்டாலும் தேவநாரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். "ஊர்" என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் "வில்லேஜ்" என்று மாற்றாமல் அப்படியே சொல்லி விளக்குங்கள். தாராவியில் பிறந்த உங்களிடம் ஊர் எது என்று கேட்டால் நீங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெயரைத்தான் சொல்வீர்கள். நீங்கள் பார்த்தே இராத ஒரு தெரு உங்கள் ஊராக இருப்பது எப்படி என்று அந்தப் பேராசிரியருக்கு விளங்கினால், அவருடைய மூன்று தலைப்பும் அங்கேயே கூடி வந்துவிடும்.

பெரும்பாலும் இத்தகைய உரைகளுக்குக் கட்டணம் இருக்காது. கல்லூரி அடையாள அட்டையை மறக்காதீர்கள், வாயிலில் கேட்பார்கள். சயானில் ஏறிக் குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினால் கோவண்டி. அரை மணி நேரம் முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள், உச்சரிப்பு பிடிபட உதவும். இன்றிரவே ஆச்சியிடம் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதிவிடுங்கள். தாத்தா வந்த முதல் நாள் எந்த அடுப்பில் சாப்பிட்டார் என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்; மற்றதெல்லாம் அவரே சொல்வார்.